30,000 ரூபாய் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

வாவிக்கரையான் (களுவாஞ்சிக்குடி), ஞாயிறு இரவு 9.10

அக்காவின் மகள் மட்டக்களப்பு நகரில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள். போன கிழமை சம்பளச் சிட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அடிப்படைச் சம்பளம் 30,000 என்று அச்சாகியிருந்தது. "மாமா, இந்த முப்பதாயிரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஆகக்குறைந்த வேதனத்தை 10,000 ரூபாயில் தொடக்கியது. 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. நாட்கூலி 400, 500, 700, 1,080, 1,200. மாதத் தொகையை 25ஆல் பிரித்தால் நாட்கூலி வந்துவிடும். எனக்குப் புரிந்த கணக்கு அது ஒன்றுதான். முப்பதாயிரம் என்பது அரிசி, மீன், பஸ், பிள்ளையின் கொப்பி என்று யாரோ கூட்டிப் பார்த்து வந்த எண்ணா, அல்லது மேசையின் இரண்டு பக்கமும் இழுத்து நடுவில் நின்ற எண்ணா? அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தேடிக்கொண்டு போனபோது வாஷிங்டனில் இருக்கும் எக்கொனொமிக் பொலிசி இன்ஸ்டிடியூட் பற்றி வாசித்தேன். 1986இல் தொடங்கிய இலாப நோக்கற்ற சிந்தனைக் குழாம். உழைப்பவன் பக்கத்திலிருந்து பொருளாதாரத்தைப் பார்ப்பதே அதன் வேலை. தொடக்கியவர்களில் ரே மார்ஷல் ஜனாதிபதி கார்ட்டரின் காலத்துத் தொழில் அமைச்சர். ராபர்ட் ரைஷ் பின்னர் கிளின்டனின் கீழ் அதே பதவியில் இருந்தார். அவர்கள் ஒரு குடும்பச் செலவுக் கணிப்பானை வைத்திருக்கிறார்கள். எந்த ஊர், எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள் என்று கொடுத்தால் அந்த ஊரில் அந்தக் குடும்பம் அடக்கமாக வாழ எவ்வளவு வேண்டும் என்று ஏழு பத்திகளில் தருகிறது: வீடு, உணவு, பிள்ளைப் பராமரிப்பு, போக்குவரத்து, மருத்துவம், ஏனைய தேவைகள், வரி.

களுவாஞ்சிக்குடிக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை? கொழும்பில் கொள்கைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, 1988இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைத்தது. வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனமும் அங்கே இருக்கிறது. பருத்தித்துறையில்கூட ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கிழக்கில் இருந்துகொண்டு கிழக்கின் கூலியைக் கணக்குப் பார்க்கும் ஒரு மேசை வேண்டாமா?


நூலான் (மருதமுனை), ஞாயிறு இரவு 9.48

தம்பி, மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அல்லவா உங்கள் முப்பதாயிரம்? இங்கே தறியில் இருக்கிறவருக்குச் சாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நூல் வராத கிழமையில் கூலியும் இல்லை. நெய்கிறவரின் மனைவியும் மகளும் வீட்டிலிருந்து நூல் சுற்றிக் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு எந்தச் சிட்டையிலும் ஒரு வரி கிடையாது. முதலில் அதற்கு ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை (மட்டக்களப்பு), திங்கள் காலை 6.55

நான் கடை வைத்திருப்பவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கண்டுபிடித்தது போலப் பேச வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அமெரிக்க நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவர்களில் தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. நிர்வாக சபையிலும் தொழிற்சங்கத் தலைவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் கொடுப்பவன் விரும்பும் விடைதானே வரும்? அவர்களின் பெயர் பெற்ற வரைபடம் ஒன்று உண்டு: 1979 முதல் 2020 வரை உற்பத்தித்திறன், அதாவது ஒரு மணித்தியால வேலையில் விளைவது, 61.8 வீதம் உயர்ந்தது, சாதாரணத் தொழிலாளியின் மணித்தியாலச் சம்பளம் 17.5 வீதம்தான் உயர்ந்தது என்று. ஹாவார்டைச் சேர்ந்த மார்ட்டின் பெல்ட்ஸ்டீன் 2008இலேயே வேறு விதமாகக் கணக்குப் பார்த்து, சம்பளமும் உற்பத்தித்திறனும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நகர்கின்றன என்று எழுதிவிட்டார். ஒரே நாடு, இரண்டு விடை.

என் பக்கத்துக் கணக்கையும் கேளுங்கள். 30,000 கொடுத்தால் அதன் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு நான் 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900. ஆளுக்கு 34,500. 2024இல் பெறுமதி சேர் வரி 18 வீதம் ஆன பிறகு சனம் கடைக்குள் வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது. இந்தப் பத்தியை யார் எழுதுவார்?

இன்னொன்று. அவ்வளவு பெரிய நிறுவனம் இருந்தும் அமெரிக்க மத்திய அரசின் ஆகக்குறைந்த சம்பளம் 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டொலரிலேயே நிற்கிறது. கணக்குப் பார்ப்பதால் சம்பளம் உயர்ந்துவிடாது.


ஏட்டுச்சுரைக்காய் (வந்தாறுமூலை), திங்கள் முற்பகல் 11.30

கணக்குப்பிள்ளை ஐயா நேர்மையாகப் பேசியிருக்கிறார். பெல்ட்ஸ்டீன் கதையில் பாதியைத்தான் சொன்னார். மீதிப் பாதி சுவையானது.

இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டது அரசின் தரவுகளையே. வேறுபாடு முக்கியமாக இரண்டு இடங்களில் வருகிறது. எல்லோருடைய சம்பளத்தினதும் சராசரியை எடுப்பதா, அல்லது சாதாரணத் தொழிலாளியை மட்டும் எடுப்பதா என்பது முதலாவது. சராசரிக்குள் வங்கி முதலாளியின் சம்பளமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, பண வீக்கத்தை எந்த விலைச்சுட்டெண்ணால் (விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் எண்ணால்) கழிப்பது. எனவே இது பொய்யும் மெய்யும் மோதுகிற வழக்கல்ல. 'யாருடைய சம்பளம்?' என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு ஆளைக் காட்டுகிறார்கள். எந்தத் தரவை எப்படி எடுத்தோம் என்று இருவரும் எழுதிவைத்திருப்பதால்தான் உங்களாலும் என்னாலும் இங்கே இருந்து சண்டை பிடிக்க முடிகிறது. யார் பணம் கொடுத்தார் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் கேட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்காமல் எழுந்து போகக் கூடாது.

சம்பளம் உயர்ந்தால் கடை மூடும் என்பதும் எப்போதும் நடப்பதல்ல. 1992இல் நியூ ஜேர்சி மாநிலம் ஆகக்குறைந்த சம்பளத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் அலன் குரூகரும் எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜேர்சியில் வேலை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்குள் காலமாகிவிட்டார். மட்டக்களப்பில் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே யாரும் கல்லாறுக்கும் கல்முனைக்கும் போய்க் கடை கடையாகக் கேட்கவில்லை, அதுதான் குறை.

இப்போது நம் ஊர்த் தரவு. 2022 செப்டெம்பரில் பண வீக்கம் 69.8 வீதம் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது நினைவிருக்கிறதா? அது கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண். நாடு முழுவதற்குமான தேசியச் சுட்டெண் அதே மாதம் 73.7 வீதம் காட்டியது. 2021இலிருந்து 2024 வரை சட்டத்தில் இருந்த தொகையோ அதே 12,500. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டம் மாவட்டமாக வறுமைக் கோட்டை மாதாந்தம் வெளியிடுகிறது, மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் உண்டு. ஆனால் அது உயிர் தரிப்பதற்கான கோடு. வாழ்வதற்கான கோடு வேறு. 2019இன் வீட்டு வருமான செலவின அளவீடு நாடு முழுவதும் 25,000 வீடுகளை எடுத்தது. 25 மாவட்டத்துக்குப் பிரித்தால் சராசரியாக ஆயிரம். மட்டக்களப்பில் 14 பிரதேச செயலாளர் பிரிவுகள் இருக்கின்றன. ஒதுக்குப்புறமான வாகரையின் செலவும் நகரம் இருக்கும் மண்முனை வடக்கின் செலவும் அந்த ஆயிரத்துக்குள் கரைந்துபோகும்.


ஏறாவூர்க்காரி (ஏறாவூர்), திங்கள் இரவு 10.05

நான் குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். இப்போது வீட்டிலிருந்து தையல். என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை, ஒரு கொப்பி இருக்கிறது.

அங்கே மாதாமாதம் எவ்வளவு அனுப்பினேன் என்று எழுதிப் பழகிய கை. திரும்பி வந்த பிறகும் விடவில்லை. 80 பக்கக் கொப்பி, இது நான்காவது. இடது பக்கத்தில் வந்தது, வலது பக்கத்தில் போனது. நேற்றுப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரு மாதத்தில் 'பாண்' என்று 26 தடவை எழுதியிருக்கிறேன். 'இறைச்சி' ஒரு தடவை. 'மீன்' என்று எழுதிய இடத்தில் எல்லாம் பக்கத்தில் சின்னதாகச் 'சூடை' என்று இருக்கிறது, வேறு மீன் வாங்கவில்லை என்று அர்த்தம். எரிவாயு உருளை முடிந்த திகதியைச் சிவப்புப் பேனையால் எழுதுவேன். 2022இல் அந்தச் சிவப்பே மூன்று மாதம் இல்லை, விறகு என்று இருக்கிறது. மகளின் டியூசன் கட்டணத்தை வெட்டிவிட்டு மேலே 'அடுத்த மாதம்' என்று எழுதிய இடம் நான்கு.

வாவிக்கரையான் தம்பி, அந்த ஏழு பத்திக்குள் என் கொப்பியைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைப் பராமரிப்புப் பத்தி வெறுமை, ஏனென்றால் என் உம்மா பார்த்துக்கொள்கிறார். அவருடைய மருந்து மருத்துவப் பத்தியில் வருகிறது. அப்படியென்றால் பிள்ளை பார்ப்பதற்கு நான் கொடுக்கும் கூலிதானே அந்த மருந்து? எங்கே எழுதுவது?

இன்னொரு விசயம். குவைத்துக்குப் போகும்போது வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் ஒரு தொகை இருந்தது. கிடைத்ததா என்பது வேறு கதை. இங்கே கொழும்பில் ஒரு வீட்டில் அதே வேலை செய்தால் நீங்கள் சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவே இல்லை.


வாவிக்கரையான், திங்கள் இரவு 10.20

அக்கா, உம்மாவின் மருந்துக்கு எனக்கு விடை தெரியவில்லை. வாஷிங்டன்காரருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.


வட்டவிதானை மகன் (சம்மாந்துறை), செவ்வாய் அதிகாலை 5.15

பெரும்போக வெட்டுக் காலம், இரவில் வர முடியவில்லை.

எங்கள் வட்டைக்கு (வயல்வெளிக்கு) உங்கள் 1,200 ரூபாய் நாட்கூலிச் சட்டம் வந்தால் சனம் சிரிக்கும். வரம்பு கட்டவோ பயிருக்கு மருந்தெண்ணெய் அடிக்கவோ அந்தக் காசுக்கு ஒருவரும் வரமாட்டார். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள், காலைச் சாப்பாடும் தேத்தண்ணீரும் நாங்கள் கொடுக்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு கூலிக்காரன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லும் போடிமார் (வயல் சொந்தக்காரர்) உண்டு. என் வாப்பாவும் அப்படித்தான் சொல்லுவார்.

ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். வாப்பாவின் காலத்தில் வெட்டு, கட்டு, சூடடிப்பு என்று ஒரு வயலுக்கு இருபது பேர் இறங்கினால் கிழமைக் கணக்கில் வேலை. கூலியை நெல்லாக வாங்கிக்கொண்டு போவார்கள், அது வீட்டில் சோறாக இருக்கும். இப்போது வெட்டு மெசின் ஒரு ஏக்கரை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போகிறது. மெசின் திரும்ப முடியாத மூலைகளில் நிற்கும் கதிரை அறுக்க மட்டும் இரண்டு பேர் நிற்பார்கள். எங்களிடம் வழக்கமாக வருகிறவர் ஒருவர். போன வருடப் பெரும்போகம் முழுவதும் எங்கள் வயலில் அவருக்குக் கிடைத்தது 19 நாள். மற்ற வயல்களிலும் சேர்த்து நாற்பது இருக்கலாம். நாளைக்கு மூவாயிரம் என்றே வையுங்கள். போகத்துக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம். அதை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 20,000. அவருக்குச் சேமலாப நிதியும் இல்லை, சிட்டையும் இல்லை.

ஆகவே இங்கே ஒரு நிறுவனம் வந்தால் 'நாளைக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது. 'எத்தனை நாள்?' என்று கேட்க வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். வயலுக்குச் சொந்தக்காரன் பார்க்கும் கணக்கு அது. வெட்டுக்கு வந்தவனின் உழக்கைப் பற்றி ஒரு பழமொழியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.


நூலான், செவ்வாய் காலை 8.02

கடைசி வரிக்காக ஒரு சாரம் இலவசம், தம்பி. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.


கல்லடிக்காரன் (மட்டக்களப்பு), செவ்வாய் பிற்பகல் 1.40

இழையைத் தொடக்கியவருக்கு: மருமகளின் சிட்டையில் சேமலாப நிதிக் கழிவு எவ்வளவு என்று பாருங்கள். 8 வீதம் என்றால் 2,400தான் கழிக்கலாம், கையில் 27,600 வர வேண்டும். நான் முன்பு வேலை செய்த கடையில் முதலாளி கட்ட வேண்டிய 12 வீதத்தையும் எங்களிடமே கழித்தார்கள். 20 வீதமும் எங்கள் தலையில். கேட்டபோது, "எப்படியும் உன் பெயரில்தானே போகிறது" என்றார்கள். தொழில் காரியாலயத்துக்குப் போயிருக்கலாம். பஸ்ஸுக்குக் காசு இல்லாத மாதத்தில் வேலையையும் இழக்க யாருக்குத் துணிவு வரும்?


வாவிக்கரையான், செவ்வாய் பிற்பகல் 2.15

பார்த்துவிட்டேன். கழிவு 6,000. கையில் வந்தது 24,000. இவ்வளவு நாளும் 'முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது?' என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அது அவளிடம் வரவேயில்லை.


கணக்குப்பிள்ளை, செவ்வாய் மாலை 7.30

அது திருட்டு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது, முதலாளியின் பங்கைத் தொழிலாளியிடம் அறவிட முடியாது. அப்படிச் செய்கிற கடை என் கடையைவிட மலிவாக விற்கும், எனக்கும்தான் நட்டம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். என்னிடம் நான்கு பேர் பதிவில், ஒருவர் பதிவில் இல்லை. தீபாவளி, பெருநாள் காலத்தில் வருபவர். அவரும் மூன்று மாதம் நிற்கிறார். சரி, எழுதிக்கொள்ளுங்கள்.


ஏட்டுச்சுரைக்காய், செவ்வாய் இரவு 8.50

வாஷிங்டன் நிறுவனம் இந்த மாதிரி விசயத்தைக் 'கூலித் திருட்டு' என்ற தலைப்பிலேயே ஆராய்ந்திருக்கிறது. சட்டப்படி வர வேண்டியதற்கும் கையில் வந்ததற்கும் உள்ள இடைவெளி. நமக்குச் சட்டம் குறைவில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களுக்குத் தனித்தனிச் சபை, 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், பிறகு சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம். எல்லாவற்றையும் ஒரே சட்டமாக்கப் போவதாக 2023இல் தொழில் அமைச்சு வரைவு கொண்டுவந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அதே வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதி தன்னிடமுள்ள பிணைமுறிகளை (அரசுக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களை) மாற்றிக்கொள்ளாவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும் என்றார்கள். வங்கிகளின் பிணைமுறிகளை விட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தில் கல்லடிக்காரனின் 20 வீதமும் இருக்கிறது. அதைப் பற்றிக் கொழும்பில் வாதிட்டவர்கள் இருந்தார்கள். புடைவைக் கடை மேசைக்கு அது வந்து சேர்ந்ததா?

நிறுவனம் தொடங்கலாம் என்று துள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை படிவம் நிரப்பினோம்! ஒரே வீட்டுக்கு ஒரே கிழமையில் மூன்று குழு. தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், மலசலகூடம் உண்டா, எத்தனை பேர் இறந்தார்கள். அறிக்கைகள் ஆங்கிலத்தில் போயின. திட்டம் முடிந்ததும் காரியாலயம் மூடப்பட்டது, பெயர்ப்பலகை மட்டும் மழையில் நின்றது. நானும் ஒரு காலத்தில் அந்தப் படிவங்களோடு திரிந்தவன்தான், ஆகையால் கூச்சத்தோடு சொல்கிறேன். பதில் சொன்னவர்களுக்கு முடிவைத் தமிழில் திருப்பிக் கொடுக்காத எந்த மேசையும் வேண்டாம்.


வட்டவிதானை மகன், புதன் அதிகாலை 5.05

கட்டடம், பெயர்ப்பலகை ஒன்றும் வேண்டாம். ஏறாவூர் ராத்தாவின் கொப்பியைப் போல நாற்பது கொப்பி. வாகரையிலிருந்து பொத்துவில் வரை. வயல், தறி, கடை, கடல், தையல். ஒரு வருடம்.


நூலான், புதன் காலை 7.40

ஆண்களிடம் கொடுத்தால் முதல் கிழமையோடு கொப்பியில் சீட்டாட்டக் கணக்கு வந்துவிடும். ராத்தாமாரிடம் கொடுங்கள்.


கணக்குப்பிள்ளை, புதன் காலை 9.15

கொப்பி நான் தருகிறேன். ஆனால் கடைக்காரர் ஐந்து பேரின் கொப்பியும் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஷிங்டன்காரரைச் சொன்னதையே உங்களையும் சொல்வேன்.


வாவிக்கரையான், புதன் நண்பகல் 12.10

சம்மதம். அதே ஏழு பத்திகளோடு தொடங்குவோமா? எங்களுக்கு 'வரி' பத்தி தேவைப்படாது. சாமானின் விலைக்குள்ளேயே 18 வீதமும் ஒளிந்திருக்கிறது.


ஏறாவூர்க்காரி, புதன் இரவு 9.45

வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடன் என்று போடுங்கள். என் வலது பக்கத்தில் ஒவ்வொரு செவ்வாயும் 1,850 என்று இருக்கிறது. குழுக் கடன். ஏழு பத்தியில் அதற்கு இடமே இல்லை.


கணக்குப்பிள்ளை, புதன் இரவு 10.00

கடனை அப்படியே செலவு என்று எழுதக் கூடாது. முதல் தொகையை வேறாகவும் வட்டியை வேறாகவும் எழுதுங்கள். வட்டிதான் செலவு.


ஏறாவூர்க்காரி, புதன் இரவு 10.12

அவர்கள் தந்த அட்டையில் முதல், வட்டி என்று பிரிவு இல்லை. திகதி, 1,850, கையொப்பம். இப்படி 52 வரிசை.


கணக்குப்பிள்ளை, புதன் இரவு 10.20

கையில் எவ்வளவு தந்தார்கள்?


ஏறாவூர்க்காரி, புதன் இரவு 10.31

எண்பதாயிரம் என்று எழுதினார்கள். அதில் காப்புறுதி, படிவம் என்று எடுத்துக்கொண்டு 76,500 தந்தார்கள்.


கணக்குப்பிள்ளை, புதன் இரவு 10.40

52ஐ 1,850ஆல் பெருக்கினால் 96,200. பொறுங்கள், வாராவாரம் குறையும் மீதிக்குத்தான் வட்டி பார்க்க வேண்டும். காலையில் கடை திறக்க முன் போட்டுத் தருகிறேன். பெயரை மறைத்துவிட்டு அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள், இரண்டு பக்கத்தையும்.